உத்தரவுக்குக் காத்திருந்த செம்புத் தண்ணி

கெட்டிக்காரங்க நெறைய இருந்தும் ஒரு எடம் ஏன் மொடங்கிப் போகுதுன்னுதானே கேக்குறே? கட்டியப்பன்னு ஒரு ராசா, அவர் கதையைச் சொல்றேன் கேளு.

வெகு காலத்துக்கு முன்னாடி செம்பாறை நாட்டை ஆண்டவர் அவர். "என் வாயில உத்தரவு வராம ஒரு துரும்பும் அசையக் கூடாது"ன்னு சட்டம் போட்டிருந்தார். தளவாய் எதிராசன் அந்தச் சட்டத்துக்கே சாமரம் வீசுறவன்.

ஒருநாள் மத்தியானம் ஆத்துல வெள்ளம். ராசா உண்ட மயக்கத்துல தூங்குறார். பாகன் சடையன் யாரையும் கேக்கல. கரையில கட்டியிருந்த அரண்மனை யானைகளை அவுத்து மேட்டுக்கு ஓட்டிட்டான். யானையெல்லாம் பொழைச்சுது, சடையன் மாட்டிக்கிட்டான்.

கையைக் கட்டிச் சபையில நிறுத்தினாங்க.

"உத்தரவில்லாம அவுத்தான். தலையை எடுக்கணும்"னான் தளவாய்.

மந்திரி பூதலிங்கம் கேட்டார்: "அவுக்காம இருந்தா யானை செத்திருக்குமே?"

"செத்தாலும் முறைப்படி செத்திருக்கும்!"

மந்திரி தலையைச் சொறிஞ்சார். "ராசா, தலையை அப்புறம் எடுக்கலாம். நான் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அதுக்கு முன்ன, வீட்டுல செஞ்ச பொரிவிளங்கா உருண்டை, ஒரு வாய் சாப்பிடுங்க."

ராசா ஒரு கடி கடிச்சார். வறட்டு மாவு தொண்டையில அடைச்சுக்கிச்சு. "விக்!"

பக்கத்துலயே ஒருத்தன் செம்புத் தண்ணியோட நிக்கிறான். அசையல.

"விக்! விக்!" கண்ணு பிதுங்குது.

தளவாய் கை கட்டிக்கிட்டுச் சொன்னான்: "ராசா 'விக்'குங்கிறார். உத்தரவு முழுசா வரட்டும்."

சடையன்தான் பாய்ஞ்சான். கட்டுன கையோடயே செம்பைப் பிடுங்கி ராசா வாயில சாய்ச்சான். அப்புறம் மண்டி போட்டான். "இது ரெண்டாவது குத்தமுங்க சாமி. ஆனா தலை ஒண்ணுதான் இருக்கு."

மந்திரி மெதுவாச் சொன்னார்: "தெரிஞ்சுக்கிட்டேன் ராசா. சபையில அத்தனை பேருக்கும் கை இருக்கு. சட்டம் போட்டு நாமதான் கட்டி வெச்சிருக்கோம். கட்டுப்படாத கை ஒண்ணு இருந்துச்சு, அதையும் கயித்துல கட்டிட்டோம்."

ராசாவுக்கு வெக்கம், சிரிப்பு ரெண்டும் வந்துச்சு. தன் கையாலயே கயித்தை அவுத்தார். "இனிமே வேலை யார் முன்னாடி இருக்கோ, முடிவும் அவங்களுது. செஞ்சுட்டு வந்து எங்கிட்டச் சொன்னாப் போதும். சடையா, யானைப் படையே இனி உன் பொறுப்பு." அப்புறம் தளவாயைப் பாத்தார். "மிச்ச உருண்டையை நீ தின்னு. தண்ணிக்கு நான் யோசிச்சு உத்தரவு போடுறேன்."

தளவாய் என்ன ஆனானா? அவன்...

"அண்ணே! டேங்க் நெறைஞ்சு வழியுது! மோட்டாரை நிறுத்தட்டுமா?"

நம்ம வேலைக்காரப் பையன் கேக்குறதைக் கேட்டியா? இங்க ராசா நான்தான் போல. இரு, போயிட்டு வர்றேன்.