தட்டுக்கு மேல் ஒரு கை

சிறப்புக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் நான் சமையல். அங்கே உதவி டீச்சர் செண்பகத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல்.

பின்னே என்ன? இருபத்தாறு வயதுப் பெண், மொத்தமாகச் சோறு வாங்கிக்கொண்டால் ஆகாதா? ஒரு கரண்டி போதும் என்பாள். தின்றுவிட்டு மறுபடி கூப்பிடுவாள். நாலாவது தடவை நான் போனால், தட்டுக்கு மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டு சிரிப்பாள். தினமும் இதே கூத்து. என் முட்டிவலி எனக்குத்தானே தெரியும்!

பக்கத்தில் இசக்கி உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வயது, பேச்சு கிடையாது. போடப் போடத் தின்பாள். பிறகு அப்படியே கக்கிவிடுவாள். பெற்றவள் பாசத்தில் அள்ளி அள்ளிப் போட்டு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று. இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் செண்பகத்திடம் வேலை பழக சிவசைலம் சார் வந்தார். ரிட்டையரான தமிழ் வாத்தியார்.

"டீச்சர், இவளுக்கு முதல்ல என்ன வார்த்தை சொல்லிக்குடுக்க? 'அம்மா'தானே?"

"வாங்க சார், சாப்பிடுவோம்" என்று செண்பகம் இசக்கி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மாதம் சார் வாயைக் குவித்துக் குவித்து "அம்...மா" என்றார். இசக்கி ஃபேனைப் பார்த்தாள்.

"என்னம்மா இது, டீச்சர் எதுவும் சொல்லிக்குடுக்கிற மாதிரியே தெரியலையே. சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார் என்னிடம்.

"அதைத்தான் சார் நானும் கேக்கேன்!"

ஒரு வியாழக்கிழமை சாரே பரிமாறினார். இசக்கிக்கு மூன்றாவது கரண்டி எடுத்துப் போனபோது, அவள் சின்னக் கையை விரித்துத் தட்டை மூடினாள்.

"இன்னும் ஒரு வாய் தாயி, வளர்ற பிள்ளை" என்று அந்தக் கையை விலக்கப் போனார்.

"சார்!"

செண்பகம் போட்ட சத்தத்தில் கரண்டி கீழே விழுந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"ஏழு மாசம் சார். ஏழு மாசமா இந்தக் கை எப்ப வரும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

அடி ஆத்தா! அத்தனை நாள் என்னை நாலு தடவை நடக்கவிட்டது இதற்கா? இது தெரியாமல் இவளை எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன் மனசுக்குள்.

இசக்கி இன்னும் கையை எடுக்கவில்லை. சோறும் கக்காமல் வயிற்றிலேயே நின்றது.

சார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ இதுதான் இவளுக்கு முதல் வார்த்தையா டீச்சர்? 'அம்மா' இல்லையா?"

"அம்மாகிட்டயும் இதைத்தானே சார் முதல்ல சொல்லணும்" என்றாள் செண்பகம்.