மூன்றாம் மணிக்குப் பிறகு

கரும்பாறை ஊர்ச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது சட்டத்திலிருந்து விலக்கு வேண்டுமென்றால், சபை உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று, "இவரை நான் அறிவேன்" என்று தம் வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாத மனுவை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைக் கடந்து வந்து குடியேறியவர்கள் எல்லோரும் ஆடி முடிவதற்குள் திரும்பிப் போய்விட வேண்டும் என்று அந்தச் சபை சட்டம் போட்டிருந்தது. பட்டியலில் நாற்பத்தொரு பேர். அதில் ஒருவர் எலும்பு வைத்தியர் சிங்காரம்.

சபை உறுப்பினர் தாண்டவராயருக்கு அறுபது வயது. போன வருஷம் படியில் உருண்டு அவர் கால் முறிந்தபோது, கட்டுப் போட்டு நடக்க வைத்தது சிங்காரம்தான். பாவம், வாயில்லாப் பூச்சி. நாளைக் காலையில் தாண்டவராயர் எழுந்து நின்று "அறிவேன்" என்று சொன்னால் அந்த மனுஷன் ஊரில் தங்கலாம். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஓடத்தில் ஏற வேண்டியதுதான்.

சொல்லத்தான் நினைத்திருந்தார். ஆனால் இன்னோர் உறுப்பினர் வழியில் மடக்கி, "ஒருத்தருக்கு ஒரு சட்டம், மத்த நாற்பது பேருக்கு வேற சட்டமா? இதுக்குப் பேர் நியாயமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தாண்டவராயருக்குச் சோறு இறங்கவில்லை.

குரு உமையாள் அம்மையிடம் கேட்டுவிடலாம் என்று மலைமேல் மடத்துக்குக் கிளம்பினார். அம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் என்ன, கலங்கும்போதெல்லாம் அவர் போய் நிற்பது அங்கேதான்.

மடத்தில் மதியம் கஞ்சி ஊற்றுவார்கள். மூன்றாம் மணி அடித்ததும் கதவுக்குத் தாழ் போட்டுவிடுவார்கள். பிந்தி வந்தவர்கள் சாயங்காலக் கஞ்சிக்குக் காத்திருக்க வேண்டும். தாண்டவராயர் காலை இழுத்து இழுத்து ஏறி வருவதற்குள் மூன்றாம் மணியும் அடித்து ஓய்ந்திருந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில். கதவைத் தட்டினார்.

"அம்மா, நான் தாண்டவராயன்!"

அம்மையே வந்து திறந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் மறுபடி தாழ் போட்டார். கலயத்தில் கஞ்சி ஊற்றி, ஒரு கீற்று மாங்காயும் வைத்தார். மனுஷன் மடமடவென்று குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"சிங்காரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது நியாயமாம்மா?"

"வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க?"

"எங்கே?"

"கதவுக்கு வெளியே."

தாண்டவராயர் யோசித்தார். சுவர் ஓரம் யாரோ இருந்த ஞாபகம். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது போலவும் இருந்தது.

"ஏழெட்டுப் பேர் இருக்கும். நான் சரியாப் பார்க்கலை."

"அவங்களும் தட்டினாங்க."

"திறக்கலையா?"

"அந்தக் குரலெல்லாம் எனக்குத் தெரியலை. உங்க குரல் தெரிஞ்சுது. திறந்தேன்."

தாண்டவராயருக்கு முகம் சுருங்கிவிட்டது. குடித்த கலயத்தை மெல்லத் தள்ளி வைத்தார்.

"அப்போ எனக்குத் திறந்தது தப்பா?"

"நொண்டிக்கிட்டு மலை ஏறி வந்திருக்கீங்க. பசி வேற. தப்புன்னு எப்படிச் சொல்வேன்?"

"அப்போ சரியா?"

"அதை வெளியே இருக்கிறவங்களைக் கேளுங்க."

தாண்டவராயருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சரின்னு சொல்லுங்க, இல்லே தப்புன்னு சொல்லுங்க! நாளைக்குச் சபையில நிக்கப் போறது நான். ஒரு மனுஷனோட பிழைப்பு என் நாக்குல இருக்கு!"

"பட்டியல்ல நாற்பத்தொரு பேர்னு சொன்னீங்களே, யார் யார்?"

"சிங்காரம்..." என்று ஆரம்பித்தார். அடுத்த பெயர் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

வெளியே குழந்தை வீறிட்டு அழுதது. இந்தத் தடவை நன்றாகவே கேட்டது.

தாண்டவராயர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் வெளியே போய் அவங்களோட உட்கார்ந்துடறேன்மா. நாளைக்குச் சபையிலேயும் வாயைத் திறக்கலை. சிங்காரமும் போகட்டும். எல்லாருக்கும் ஒரே சட்டம். அதானே நியாயம்?"

"நீங்க வெளியே போயிட்டா அந்தக் குழந்தைக்குப் பசி ஆறிடுமா?"



அம்மை பானையின் மூடியை எடுத்து அகப்பையால் ஒருமுறை துழாவிப் பார்த்தார். பிறகு மூலையில் கவிழ்த்திருந்த கலயங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைக்க ஆரம்பித்தார்.

"தாழ் உள்பக்கம்தான் இருக்கு, தாண்டவராயரே. உள்ளே வந்தவங்க கைக்குத்தான் அது எட்டும்."