ஊசியில் விழாத அசைவு

"எனக்குள்ள ஒண்ணுமே அசையலை, தாயே" என்றார் ஏகாம்பரம்.

நாச்சியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இத்தனை வருஷமா கண்ணை மூடி உக்கார்றேன். கல்லாவே கெடக்குது. மூட்டையைக் கட்டிடலாம்னு பாக்குறேன்."

"கட்டு. அதுக்கு முன்னாடி இந்தக் காம்பைக் கிள்ளிக் குடு."

ஏகாம்பரம் உட்கார்ந்து கிள்ளினார்.

அந்த மலை மடத்தில் நாச்சியம்மை குரு, ஏகாம்பரம் சீடர். இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். படிக்க இருவருக்கும் கண்ணாடி வேண்டும். மடத்தில் இருந்தது ஒரே கண்ணாடி. அதற்கு நடக்கும் சண்டையில் குரு சீடர் என்ற பேச்செல்லாம் கிடையாது.

மடத்துக்கு வரும் முன் ஏகாம்பரம் நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் நிலையத்தில் வேலை பார்த்தார். சுற்றும் காகிதத்தின் மேல் ஊசி கோடு போடும். பூமி எங்கே குலுங்கினாலும் கோடு துள்ளும். துள்ளாத நாளில், 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

வேலையை விட்டார். பழக்கம் விடவில்லை. தினமும் தியானம் முடிந்ததும் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துப் பார்ப்பார், ஏதாவது துள்ளுகிறதா என்று.

அசைய வேண்டும் என்று அவர் காத்திருந்தது ஒரு கோபம். அண்ணன் கனகசபை மேல் இருந்த கோபம்.

அவர்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளையவன். அம்மா போனபோது இளையவர் ஏகாம்பரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். வழியில் பாலம் உடைந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் உடல் இனியும் தாங்காது என்றார்கள். அண்ணனே கொள்ளி வைத்துவிட்டார்.

ஏகாம்பரம் வந்து சேர்ந்தபோது சாம்பல் சுட்டது.

அன்றோடு பேச்சு நின்றது. ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் திதியன்று கனகசபை மலையடிவாரத்துக்கு வருவார். "மேலே ஏறினா நான் அந்தப் பக்கமா எறங்கிப் போயிடுவேன்" என்று ஏகாம்பரம் சொல்லியனுப்பியிருந்தார். அதனால் அண்ணன் ஏறுவதில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பிப் போவார்.

இன்றும் திதி.

பால் ஊற்றும் பவுனு படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது.

"சாமி, ஒங்க அண்ணன் வந்திருக்காரு. முட்டி ரெண்டும் போயிடுச்சாம். அடுத்த வருஷம் வர முடியாதாம். ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்னு சொல்லச் சொன்னாரு."

ஏகாம்பரத்தின் கையில் கீரைக் காம்பு அப்படியே நின்றது.

"போகச் சொல்லு."

"அதை நீங்களே சொல்லுங்க சாமி. நான் பால் ஊத்த வந்தேன்" என்று பவுனு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏகாம்பரம் குருவைப் பார்த்தார்.

"அசைஞ்சா போக மாட்டேனா, தாயே? அசையலையே. காலையிலகூட கை வச்சுப் பாத்தேன்."

நாச்சியம்மை முறத்தைத் தள்ளி வைத்தார்.

"இந்த மலைக்கு அடியில என்ன இருக்கு?"

இதுதான் சமயமா என்று ஏகாம்பரத்துக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் பழைய உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"பாறை. மேலோடுன்னு சொல்லுவோம். பழத்துக்குத் தோல் மாதிரி, அவ்வளவு மெல்லிசு."

"அதுக்கும் கீழ?"

"கவசம்னு பேரு. பூமியில பெரும்பகுதி அதுதான்."

"கவசமா? யாரோட சண்டை?"

ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

"அது கொழம்பு மாதிரி கொதிச்சுக்கிட்டு இருக்கும், இல்ல?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. கொழம்பு இல்லை, கல்லு. நல்ல கெட்டிக் கல்லு."

"அப்ப சும்மா கெடக்குது."

"சும்மா கெடக்கலை தாயே. ஓடுது."

"கல்லு எங்கயாவது ஓடுமா?"

"ஓடும். அடியில சூடு இருக்கே. சூடானது மெதுவா மேல வரும். ஆறினது மெதுவா கீழ போகும். இந்த மலை, கடல், நாம இருக்கிற நெலம் எல்லாம் அதோட சேர்ந்துதான் நகருது."

"எவ்வளவு வேகம்?"

"வருஷத்துக்கு, விரல்ல நகம் வளர்ற அளவு."

நாச்சியம்மை தன் விரல்களை நீட்டிப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தின் கையைப் பார்த்தார். மாடத்திலிருந்து நகவெட்டியை எடுத்து அவர் மடியில் போட்டார்.

"வெட்டு."

"இன்னிக்கு வெள்ளிக்கெழமை தாயே."

"ஒன் கல்லுக்கு வெள்ளி செவ்வாய் உண்டா?"

ஏகாம்பரம் வெட்டினார். துண்டுகள் தரையில் விழுந்தன.

"இது வளர்றப்போ பாத்தியா?"

"இல்லை."

"கை வச்சுப் பாத்தா தெரியுமா?"

"தெரியாது."

"சரி. கீழ அவ்வளவு பெரிய பாறை ஓடுதுன்னியே. அந்த ஓட்டம் ஒன் ஊசியில எப்படி விழும்?"

"விழாது தாயே. அது குலுக்கலை மட்டும்தான் பிடிக்கும். இவ்வளவு மெதுவாப் போறது அதுக்கு..."

ஏகாம்பரம் நிறுத்தினார்.

அடுப்படியில் பவுனு பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் அண்ணன் வந்தப்போ நீ எங்க இருந்தே?" என்றார் நாச்சியம்மை.

"பாறை மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பஸ் போற வரைக்கும்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் அப்படித்தான். எப்பவும் நிக்கிற எடம்தான். நான்தான் சொல்றேனே தாயே, ஒண்ணும் மாறலை."

நாச்சியம்மை மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டார்.

"அவரைத் திருப்பி அனுப்பணும்னா நீயே போய் அனுப்பு. பவுனுவுக்கு வேற வேலை இருக்கு."

ஏகாம்பரம் எழுந்தார். திருப்பி அனுப்பப் போகிறவர், போகும்போது ஒரு செம்பில் மோர் ஊற்றிக்கொண்டார். கொஞ்சம் உப்பும் போட்டார்.

நாச்சியம்மை பார்த்தார். பார்க்காதவர் மாதிரி கீரையைக் கழுவினார்.

படிகளில் வெயில் கொளுத்தியது. ஏகாம்பரம் செருப்பை மறந்திருந்தார்.

புளியமரத்தடியில் கனகசபை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை.

"உக்காருங்க" என்றார் ஏகாம்பரம். சொல்ல வந்தது அதில்லை. சொல்ல வந்தது வாயில் வரவில்லை.

கனகசபை மோரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். பக்கத்தில் மஞ்சள் துணி மூட்டை ஒன்று இருந்தது. வருஷா வருஷம் அவர் அதைக் கொண்டு வருவதை ஏகாம்பரம் பார்த்திருக்கிறார். பலகாரம் என்று நினைத்திருந்தார். லஞ்சம் கொடுக்க வந்துட்டான் என்று திட்டியும் இருக்கிறார்.

கனகசபை மூட்டையைத் தம்பி பக்கம் நகர்த்தினார்.

"என்ன இது?"

"அம்மா."

ஏகாம்பரத்துக்கு விளங்கவில்லை.

"அஸ்திடா. நான் கரைக்கலை. கொள்ளிதான் ஒன்கிட்டேருந்து பறிச்சுட்டேன், இதையாவது நீ செய்யணும்னு வச்சுட்டேன். வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னாங்க. தோட்டத்து வேப்பமரத்துல கட்டி வச்சேன். ஊரே என்னைப் பைத்தியம்னுது."

ஏகாம்பரம் மூட்டையை எடுத்து மடியில் வைத்தார். மண்கலயம் துணிக்குள் கைக்குத் தட்டுப்பட்டது.

அவர் தோள்கள் குலுங்கின. சத்தம் போட்டு அழுதார். இத்தனை வருஷமாகச் சுமந்தது இறங்குவதைப் போல, அழ அழ நிம்மதியாக இருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

கனகசபை தம்பியின் முதுகைத் தடவினார்.

"சாயங்காலம் ஆத்துக்குப் போகலாம். தண்ணி ஓடுது, பாத்துட்டுதான் வந்தேன்."

"இதைப் பவுனுகிட்டயாவது சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல, அண்ணே?"

"சொன்னா, நீ அம்மாவுக்காக எறங்கி வந்திருப்பே. எனக்காகவும் வரணும்னு ஒரு ஆசை."

"நான் வராமலே போயிருந்தா?"

"வருவேன்னு தெரியும்."

"எப்படி?"

கனகசபை மலையை அண்ணாந்து பார்த்தார்.

"பஸ்ல ஏறினதும் ஜன்னல் வழியாப் பாப்பேன். மொத வருஷம் நீ உச்சியில நின்னே. காக்கா மாதிரி தெரிஞ்சே. அப்புறம் ஒரு வருஷம் சுனைகிட்ட நின்னே. அப்புறம் அந்த அத்திமரத்துகிட்ட."

செம்பைத் தம்பி கையில் கொடுத்தார்.

"போன வருஷம் ஒன் மொகம் தெரிஞ்சுது."