தாளாளர் பார்த்த முகம்

கல்லூரித் தாளாளர் ராஜரத்தினத்தின் கார் கண்ணாடியை உடைத்து யாரோ கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். தாளாளர், கேண்டீனில் வேலை பார்க்கும் சுடலைமணியைக் கைகாட்டினார்.

"இவன்தான். ஒருதரம் பார்த்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்."

காவலாளி சுடலைமணியை வராந்தாவில் பிடித்து வைத்தார். போலீஸுக்குத் தகவல் போயிற்று. சுடலைமணிக்காகத் தாளாளரின் அறைக்குள் வந்து பேசியவள், குற்றவியல் இரண்டாமாண்டு படிக்கும் ஜெனிஃபா ஒருத்திதான்.

"பதற்றத்துல பார்த்த முகம் மாறிப்போகும் சார். எங்க பாடத்துலயே இருக்கு."

"திருட்டைப் பத்திப் படிக்க ஒரு படிப்பு, அதுல நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? போலீஸ் வர்றதுக்குள்ள என் கண்ணு தப்புன்னு நிரூபிச்சுக் காட்டு. முடியலைன்னா டி.சி.யை வாங்கிட்டுக் கிளம்பு."

ஜெனிஃபா தலையாட்டிவிட்டு வெளியே போய்க் காவலாளியிடம் ஏதோ சொன்னாள். அவர் தயங்கினார். "தாளாளர் ரூமுக்குள்ள போய் எங்கண்ணே ஓடப்போறாரு?" என்றாள். அவர் பிடியை விட்டார்.

சற்று நேரத்தில் அவள் மறுபடி உள்ளே வந்தபோது, தாளாளர் போன் பேசி முடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"காபி கொண்டுவந்தது யாரு சார்?"

"இதென்ன கேள்வி? நம்ம அட்டெண்டர்தான்."

"அட்டெண்டர் இன்னைக்கு லீவு சார். காபி கொண்டுவந்தது சுடலைமணி அண்ணன். 'அங்கே வை'ன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

வராந்தாவில் நின்ற பேராசிரியர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். தாளாளர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து, "திருடனோட முகத்தைப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார்.

தாளாளர் ஓரக்கண்ணால் ஜெனிஃபாவைப் பார்த்தார்.

"இல்லை. முதுகைத்தான் பார்த்தேன்."