ராஜா வீட்டுச் சாப்பாட்டு வில்லை

முள்ளிக்கோட்டை ராஜா தாண்டவராயருக்குப் படை உண்டு, யானை உண்டு, மீசையும் உண்டு. ஆனால் காசு கொடுத்த எதையும் வீணாக விட மட்டும் மனசு வராது. ஒருமுறை காய்ச்சல் நின்ற பிறகும் வைத்தியரின் கஷாயத்தைச் சட்டியோடு குடித்துத் தீர்த்து, வயிற்றுப்போக்கை வரவழைத்துக்கொண்ட மகானுபாவர்.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வணிகன் கேளிக்கைத் தோட்டம் போட்டான். வழுக்குப் பாறை, ஒட்டகச் சவாரி, நடுவிலே பனைமர உயரத்துக்கு ஒரு ராட்சச ராட்டினம். இளவரசி மரிக்கொழுந்துக்கு எட்டு வயசு. அவளுக்கு அந்த ராட்டினத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"அப்பா, என்னை அதுல ஏத்துறேன்னு சத்தியம் பண்ணுங்க."

ராஜா பண்ணினார். தோட்டத்துக்குப் போக அவருக்குக் கிடைத்தது அடுத்த வாரம் ஒரே ஒரு நாள். அதற்கு மறுநாள் எல்லைக்குப் புறப்பட வேண்டும்.

இந்த நேரத்தில் உக்கிராண அதிகாரி பரமானந்தர் சபைக்கு வந்தார். அரண்மனை அரிசி பருப்பெல்லாம் அவர் பொறுப்பு. அவர் தொப்பையும் அதே பொறுப்பில்தான் வளர்ந்தது.

"பிரபு! தோட்டத்திலே புதுத் திட்டம் போட்டிருக்கான். முன்பணம் கட்டினால் ஆளுக்கொரு செப்பு வில்லை. அதைக் காட்டினால் போதும், காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, எவ்வளவு வேணுமானாலும்!"

"எவ்வளவு வேணுமானாலுமா?" ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

சபையின் விகடகவி மிளகுசாமி தொண்டையைக் கனைத்தான். "மகாராஜா, நாம போறது ராட்டினம் ஏறவா, ஏப்பம் விடவா?"

"உனக்குப் பொறாமை!" என்று சீறினார் பரமானந்தர்.

"பொறாமையேதான், ஐயா. ஆனா வாங்கறதுக்கு முன்னால இங்கேயே ஒரு ஒத்திகை பார்த்துடலாமே? ராட்டினத்துக்குப் பதிலா நந்தவனத்துல ஒரு ஊஞ்சல். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பதிலா ஒரு பந்தல். வில்லை வாங்கின மாதிரியே குடும்பத்தோட ஒரு நாள் இருந்து பாருங்க."

இலவசமாகப் பார்த்துவிடலாம் என்றதும் ராஜா தலையாட்டிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். முள்ளிக்கோட்டையில் ஒரு வழக்கம்: பந்தியில் வயசில் மூத்தவர் இலையை மடிக்கும் வரை மற்றவர் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் மகா அவமரியாதை. ராஜாவின் மாமனார் குமாரவேலர் மகளோடுதான் இருந்தார். ஆனால் அரண்மனையில் அவருக்குத் தனிச் சாப்பாடு. ஏன் தனி என்பதை ராஜா சுத்தமாக மறந்திருந்தார்.

மறுநாள் காலையில் ஞாபகம் வந்தது.

எல்லோரும் பந்தலில் உட்கார்ந்தார்கள். குமாரவேலர் இட்லியில் ஓர் ஓரத்தைக் கிள்ளினார். மென்றார். நிறுத்தினார். "மாப்பிள்ளை, நான் அகழியை நீந்திக் கடந்த கதை சொல்லியிருக்கேனா?"

சொல்லியிருக்கிறார். எத்தனையோ தடவை. ஆனாலும் அகழியில் இறங்கினார், முதலையைப் பார்த்தார், முதலை அவரைப் பார்த்தது. இட்லி அப்படியே இருந்தது. ராஜா சும்மா உட்கார முடியாமல் வடைக்கு மேல் வடையாக உள்ளே தள்ளினார்.

"மாமா, இலையை மடிச்சிடலாமா?"

"என்ன அவசரம்? இன்னும் சட்னியே தொடலையே!"

மரிக்கொழுந்து ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமாரவேலர் கரையேறுவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. ரசம் வருவதற்குள் மாலைச் சுண்டல் வந்துவிட்டது. கடைசியில் இலை மடிந்தபோது ஊஞ்சல் இருந்த பக்கம் இருட்டிவிட்டது. ராஜாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"அப்பா, அங்கேயும் இப்படித்தானா?" என்று கேட்டுக் குழந்தை விசும்பினாள். ராஜாவுக்கு நெஞ்சு வலித்தது. வடையால் அல்ல, நிஜமாகவே வலித்தது.

"வில்லையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" என்று கத்தினார்.

"ஏன் வேண்டாம்?" குமாரவேலருக்கு முகம் சிவந்தது. "நான் என்ன ராட்டினத்துலயா ஏறப் போறேன்? எனக்கு அங்கே சாப்பாட்டை விட்டா வேற என்ன இருக்கு?"

மாமனாரை எதிர்த்துப் பேச எந்த ராஜாவால் முடியும்? பந்தல் ஓரத்தில் பரமானந்தரோடு நின்றிருந்த மிளகுசாமியைத் தாண்டவராயர் பரிதாபமாகப் பார்த்தார்.

"திட்டத்துல குத்தமில்லை, மகாராஜா. அது யாருக்குப் பொருந்தும்னுதான் பார்க்கணும். ஒரே ஒரு வில்லை வாங்குங்க, பெரியவருக்கு. நமக்கு ராணியம்மா கட்டுச்சோறு கட்டித் தரட்டும். புளியோதரையைக் கையில வச்சுக்கிட்டு ராட்டினத்துக்கு வரிசையில நிக்கலாம்."

"அவரைத் தனியா உட்கார வைக்கறது மரியாதையா?" என்று மடக்கினார் பரமானந்தர்.

"தனியா எதுக்கு? துணைக்கு நீங்க இருக்கீங்களே! ராஜ குடும்பத்தைப் பிடிச்சுத் தந்தா இலவசம்னு வணிகன் கொடுத்த வில்லை உங்க இடுப்புல மினுங்குதே."

பரமானந்தர் சட்டென்று இடுப்பைப் பொத்தினார். பந்தலில் இருந்த எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"ஆகா, பேச்சுத் துணை கிடைச்சாச்சு!" என்று குமாரவேலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் அகழியை நீந்தின கதை தெரியுமா?"

தோட்டத்துக்குப் போன அன்று மரிக்கொழுந்து வழுக்கினாள், ஒட்டகம் ஏறினாள், ராட்டினத்தில் சுற்றினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். ராஜாவும் புளியோதரை ஒட்டிய மீசையோடு கூடவே சுற்றினார். வெயில் சாய்கிற நேரத்தில் ராட்டினம் உச்சிக்குப் போனது. கீழே சாப்பாட்டுப் பந்தல் தெரிந்தது.

"அப்பா! தாத்தா கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்றார்! பரமானந்தர் அழறார்!"

"சாப்பாட்டுல எது வரைக்கும் வந்திருக்காங்க?"

குழந்தை எட்டிப் பார்த்தாள். "இலையில இன்னும் காலையில வச்ச இட்லிதான் இருக்கு!"

ராஜா சிரித்த சிரிப்பில் ராட்டினமே குலுங்கியது. கீழே இறங்கியதும் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மிளகுசாமிக்குப் போட்டார். பிறகு ராணி காதில் விழாதபடி அவனை ஓரமாக இழுத்துப் போனார்.

"ஏண்டா மிளகு, அந்த வில்லை வருஷம் முழுக்கச் செல்லுற மாதிரி கிடைக்குமான்னு கேளேன். மாமாவுக்குத்தான்."