சவரியம்மாள் கேட்ட பூட்டு

"எனக்கு ஒரு பூட்டு வேணும், குருவே."

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை அசையவில்லை.

"எந்தக் கதவுக்கு?"

"கதவுக்கு இல்ல. பின் சக்கரத்துக்கு."

பூங்கோதை ஊர்ந்து வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் கிரீஸ்.

சவரியம்மாளுக்கு அவள் தங்கை வயது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, தாவணி வயதில் பார்த்து ஏங்கிய ஸ்டியரிங்கை நரைத்த பிறகு பிடிக்க வந்தவள் சவரியம்மாள். சொல்லிக்கொடுத்தவள் பூங்கோதை. குருவே என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். கேலி எப்போதோ உதிர்ந்துபோய்விட்டது.

சாமியையும் குருவையும் சவரியம்மாள் நீ என்றுதான் பேசுவாள்.

"என்னாச்சுக்கா?"

"சிலுவை நிக்குதே, அந்தக் குருசடி வளைவுல நேத்து மாட்டிக்கிட்டேன். ஒரு சக்கரம் சேத்துல கிறுகிறுன்னு சுத்துது. இன்னொண்ணு தார்ல சிவனேன்னு நிக்குது. என்ஜின் கத்துற கத்தெல்லாம் சுத்துறவனுக்கே போகுது. நிக்கிறவனுக்கு ஒண்ணும் வரல. பால் அத்தனையும் திரிஞ்சுபோச்சு."

மேல் மலைப் பாலெல்லாம் அவளுடைய பிக்கப்பில்தான் கீழே இறங்கும். இன்னொரு நாள் பால் கெட்டால் லைனை மருதையனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொசைட்டியில் சொல்லிவிட்டார்கள்.

மருதையன் வண்டியில் லாக்கர் உண்டு. ஸ்விட்சைத் தட்டினால் பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒரே சுற்றாகச் சுற்றும். நேற்று அவளைத் தாண்டிப் போகும்போது அவன் கண்ணாடியை இறக்கினான்.

"என்னக்கா, மோர் விக்கப் போறியா?"

அந்தச் சொல்தான் ராத்திரி ஜெபத்தின் நடுவிலும் வந்து வந்து நின்றது.

"போட்டுரலாம்" என்றாள் குரு. "முதல்ல ஒரு நடை நடந்துட்டு வருவோம்."

லோடு கட்டும் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

குருசடிக்கு முன்னால் சேறு தொடங்கும் இடத்தில் இருவர் இடுப்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"நான் வைக்கிற அடிதான் உங்களுக்கும். ஒரு விரல்கடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

நடந்தார்கள். சேற்றில் சவரியம்மாளின் கால் வழுக்கியது. குருவின் அடி அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது.

"பாத்தியா குருவே. இதத்தான் நான் கேட்டேன்."

"நடங்கக்கா."

சேறு முடிந்து தார் வந்தது. தாரோடு வளைவும் வந்தது.

குரு உள்பக்கம். சவரியம்மாள் வெளிப்பக்கம். வெளிப்பக்கத்துக்கு நீண்ட அடி வேண்டும். உள்பக்கத்துக்குக் குட்டை அடி போதும். இருவருக்கும் கிடைத்ததோ ஒரே அடி.

தோள் இடித்தது. கயிறு இடுப்பை அறுத்தது. செருப்பு தாரில் தேய்ந்து கரகரத்தது. திரும்பத் திரும்ப நினைத்தும் திரும்ப முடியாமல், இருவரும் நேராகப் போய்த் தடுப்புச் சுவரில் முட்டி நின்றார்கள்.

சவரியம்மாளின் செருப்பு வார் அறுந்திருந்தது.

குனிந்து எடுத்தாள். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"புதுச் செருப்பு, குருவே."

"ம்."

"அப்ப மருதையனுக்கு மட்டும் எப்படி?"

"அவன் எஸ்டேட்டுக்குள்ள கட்டை ஏத்துறவன். அவனுக்கு நாள் முழுக்கக் காட்டுப் பாதை. பூட்டு இல்லாம முடியாது. தாருக்கு வந்தா எடுத்துவிட்டுரணும், அவ்வளவுதான். உங்களுக்கு எப்படி?"

"தார்தான். வளைவுக்கு மேல வளைவு. நடுவுல இந்த ஒரு சேறு."

குரு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். கையை நீட்டினாள்.

சவரியம்மாள் பிடித்துக்கொண்டாள். வந்த வழியே திரும்பினார்கள்.

வளைவில் குரு குட்டை அடி வைத்தாள். சவரியம்மாள் நீண்ட அடி வைத்தாள். பிடித்திருக்கிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் கை தளர்வாகக் கிடந்தது. சேற்றில் ஒரு கால் சறுக்கிய அந்த நொடியில் மட்டும் கை இறுகியது. யாரும் சொல்லி அல்ல. தானாக.

"இதுக்கு ஸ்விட்சு எங்க இருக்கும்?"

"கிடையாது."

"பேரு?"

"லிமிடெட் ஸ்லிப்."

"இதையே போட்டுரு, குருவே."

பட்டறை வாசல் வந்ததும் சவரியம்மாள் நின்றாள்.

"ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கிருச்சுன்னா? அங்க இந்தக் கைக்கு என்ன பிடிமானம்? விட்டுருமே."

குரு அவளை ஒரு கணம் பார்த்தாள். அதை மாட்டக் குனிந்து வண்டிக்கு அடியில் போய்விட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

குருசடி வளைவில் மருதையனின் வண்டி சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. சேற்றில் போட்ட பூட்டை எடுக்க மறந்துவிட்டான். வண்டி வளையாமல் நேராகப் போய்விட்டது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாதி ரோட்டை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றான்.

மீதிப் பாதி, ஓடையோரம்.

சவரியம்மாள் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைத் தொட்டுவிட்டு வண்டியை ஓரமாக இறக்கினாள். இடது பின் சக்கரம் கரையை விட்டு ஓடைக்கு மேலே தொங்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள். தொங்கிய சக்கரம் வெறும் காற்றில் சுற்றியது. தரையில் இருந்தது நின்றுவிட்டது.

கை விட்டுவிட்டது.

பின்னால் பால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"பூட்டு இல்லாம அது ஏறாதுக்கா" என்றான் மருதையன், நனைந்துகொண்டே. இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

ஆண்டவரே என்றாள் சவரியம்மாள். பிறகு இடது கையை இருக்கைக்குப் பக்கத்தில் இறக்கினாள். ஹேண்ட் பிரேக்கை மெல்லக் கொஞ்சமாக இழுத்தாள். இழுத்துப் பிடித்தபடியே ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தாள்.

காற்றில் பேயாட்டம் ஆடிய சக்கரம் திணறியது. வேகம் குறைந்தது. அதற்கே போய்க்கொண்டிருந்த பலம் மற்றதற்கும் வந்தது.

நின்றிருந்த சக்கரம் முனகிக்கொண்டு ஒரு பிடி பிடித்தது. வண்டி ஏறியது.

"பாலை இறக்கிட்டு வரேன், மருதையா. கயிறு இருக்கு. இழுத்துருவோம்."

சாயங்காலம் பட்டறை வாசலில் வண்டி வந்து நின்றது. காலி கேன்கள் கணகணத்தன.

உள்ளே வேறொரு வண்டிக்கு அடியில் இருந்த பாதங்கள் கேட்டன.

"பால்?"

"ஒரு கேன்கூடக் கெடல."

"கை?"

"விட்டுருச்சு, குருவே."

பாதங்கள் உள்ளே போய்த் தலை வெளியே வந்தது.

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சேன்."

"முன்னால போறதுக்கு பிரேக்கா? நான் அதைச் சொல்லித் தரலையே."

"சொல்லித் தரல." சவரியம்மாள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஓட்டப் பழகின நாளெல்லாம் நீ இடது பக்க சீட்ல இருப்ப. உன் கை அந்த ஹேண்ட் பிரேக் மேலயே இருக்கும். நான் பதறி மிதிக்கிறப்ப எல்லாம் லேசா ஒரு இழு இழுப்ப. வண்டி நிக்காது. ஆனா அடங்கிப் போகும். அது இன்னிக்கு ஞாபகம் வந்துச்சு."

பூங்கோதை எழுந்தாள். கிரீஸ் கையை நன்றாகத் துடைத்தாள். பிறகு ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

சவரியம்மாளின் வண்டியைச் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்கக்கா. குருசடி வரைக்கும் போயிட்டு வருவோம்."

சவரியம்மாள் சாவியைத் திருகினாள். பழக்கதோஷத்தில் ஓரக்கண்ணால் ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தாள்.

குருவின் கை அங்கே இல்லை. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.