நெட்டுவரை ஏறிய மூவர்

நெட்டுவரை என்று ஒரு பாறை இருந்தது. நிமிர்த்தி வைத்த சுவர்போல அப்படியொரு செங்குத்து. அதன் உச்சியில் ஒரு சுனை. சுனைத் தண்ணீர் நிரம்பி வழிந்து, பாறை முகத்தில் மெல்லிய கோடாக இறங்கி, அடிவாரத்துக் குட்டையில் விழும். மானும் முயலும் காட்டுப்பன்றியும் அந்தக் குட்டையை நம்பித்தான் குடித்தனம் நடத்தின.

ஒரு கோடையில் தண்ணீர் வருவது நின்றுபோனது. குட்டை சேறானது. பிறகு சேறும் காய்ந்து வெடித்தது. மேலே பறந்து பார்த்துவிட்டு வந்த பருந்து விஷயத்தைச் சொன்னது. சுனையில் தண்ணீர் இருக்கிறதாம். ஆனால் அது வழியும் வாயில் ஒரு பாறாங்கல் உருண்டு வந்து உட்கார்ந்துகொண்டதாம். தண்ணீரெல்லாம் மலையின் மறுபக்கம் போகிறதாம். மேலே போகும் சுற்றுப்பாதையோ போன மழையிலேயே சரிந்துவிட்டது. போவதென்றால் பாறை முகத்தில்தான் ஏற வேண்டும்.

மிருகங்கள் கூடிப் பேசின. கல்லைத் தள்ளும் பலம் கரும்பாயி என்ற கரடிக்குத்தான் இருந்தது. ஆனால் கரும்பாயிக்கு உயரம் என்றாலே பயம். தாழ்ந்த கிளையில் இருக்கும் தேன்கூட்டை மட்டுமே தொடுவாள். பாறையில் பிடி பார்த்து ஏறுவதில் சடையாண்டி என்ற உடும்பு கெட்டிக்காரன். ஆனால் ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். கரும்பாயியின் இடுப்பில் கொடி கட்டி, அதை மேலிருந்து பிடித்துக்கொள்ள மிண்டன் என்ற குரங்கைக் கேட்டார்கள்.

மிண்டனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த இரண்டு பேரையும் கட்டி இழுத்துக்கொண்டு போனால் மழைக்காலமே வந்துவிடும் என்றான். தான் ஒருவனே போதும் என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் பாறையில் தாவினான்.

ஏறத்தான் செய்தான். வெடிப்பிலிருந்து வெடிப்புக்குப் பாய்ந்து, வாலை வீசி, வெயில் உறைப்பதற்குள் உச்சியில் நின்றான். அங்கே ஒரு குதி குதித்து, கீழே பார்த்துக் கத்தினான். "வந்துட்டேன்! நான்தான் முதல்!"

கீழே குட்டியோடு நின்ற பெண்மான் அண்ணாந்து பார்த்தது. "நீ போய்ச் சேர்ந்துட்டே தம்பி, சந்தோஷம். தண்ணி இன்னும் வரலையே?"

மிண்டன் கல்லிடம் போனான். தோளைக் கொடுத்துத் தள்ளினான். முதுகைக் கொடுத்துத் தள்ளினான். மல்லாந்து படுத்து இரண்டு காலாலும் உதைத்தான். கல் அசையவில்லை. அவனுடைய கால்தான் வீங்கியது.

யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்து, கரும்பாயி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கல்லு சௌக்கியமா?" என்று கேட்டாள் கரும்பாயி. மிண்டனும் சிரித்துவிட்டான். பிறகு எழுந்துபோய், நல்ல முற்றிய காட்டுக்கொடி ஒன்றைத் தானே அறுத்துக்கொண்டு வந்தான்.

மூவரும் கிளம்பினார்கள். சடையாண்டி முன்னால் ஏறி, ஒவ்வொரு பிடியையும் நகத்தால் சுரண்டிப் பார்த்து வழி சொன்னான். மிண்டன் கொடியை மேலே கொண்டுபோய், வெடிப்பில் முளைத்த மரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டான். கொடியின் மறுமுனை கரும்பாயியின் இடுப்பில் இருந்தது. அவள் ஏறி வந்ததும் அடுத்த மரத்துக்குப் போனார்கள். கரும்பாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவியே ஏறினாள். மிண்டன் பொறுமையாகக் கொடியை இழுத்தான். அவனுக்கு அது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை வயிறு தள்ளி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கரும்பாயியின் கால் வழுக்கியது. அவள் காற்றில் தொங்கினாள். மேலே கொடி சுற்றியிருந்த மரம் வேரோடு அசைந்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

மிண்டன் நினைத்திருந்தால் ஒரே தாவலில் தப்பியிருக்கலாம். அவன் கொடியைக் கையிலும் காலிலும் சுற்றிக்கொண்டு, பாறையில் முதுகை முட்டுக்கொடுத்தான்.

"தம்பி, விட்டுடு. நீயும் சேர்ந்து விழுந்துடுவே" என்றாள் கரும்பாயி.

"விடமாட்டேன்க்கா."

சடையாண்டி வாழ்நாளில் முதல்முறையாக ஓடினான். கொடியின் மிச்ச நுனியைத் தன் உடம்பில் சுற்றிக்கொண்டு ஒரு வெடிப்புக்குள் புகுந்தான். மூச்சை இழுத்து வயிற்றை உப்பினான். இனி அவனை யானை இழுத்தாலும் வெளியே எடுக்க முடியாது. மரம் சாய்ந்து நின்றது. கொடி நின்றது.

"அக்கா, கண்ணைத் திறந்து கீழே பாருங்க" என்றான் மிண்டன்.

"அது மட்டும் என்னால முடியாது."

"நாங்க இருக்கிற இடத்திலிருந்து உங்க கால் தெரியலை. நீங்க பார்த்தாத்தான் பிடி கிடைக்கும். நாங்க ரெண்டு பேரும் பிடிச்சிருக்கோம்."

கரும்பாயி ஒரு கண்ணைத் திறந்தாள். மரங்களெல்லாம் புல்லைப்போலத் தெரிந்தன. ஆனால் இடது காலுக்குப் பக்கத்திலேயே ஒரு பொந்தும் தெரிந்தது. காலை அதில் நுழைத்தாள். நகத்தைப் பதித்து, ஒரு உறுமலோடு துருத்தலைத் தாண்டி மேலே வந்தாள். வந்தவள் முதலில் மிண்டனைக் கட்டிக்கொண்டாள். அவன் மூச்சுத் திணறி, கொடியே தேவலாம் என்று முனகினான்.

உச்சியில் மூவரும் கல்லில் தோள் கொடுத்தார்கள். கரும்பாயி தள்ள, மிண்டன் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்ப, சடையாண்டி சந்தில் அடைத்திருந்த மண்ணைத் தோண்டினான். கல் புரண்டது. தண்ணீர் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு பாறை முகத்தில் சலசலவென்று இறங்கியது.

கீழே முயல்கள் நனைந்துகொண்டே குதித்தன. பன்றிகள் புதுச் சேற்றில் புரண்டன. பெண்மான் தன் குட்டியைத் தண்ணீரிடம் தள்ளிவிட்டது. மூவரில் யார் முதலில் உச்சியைத் தொட்டார்கள் என்று யாருமே கேட்கவில்லை. மிண்டனும் சொல்லவில்லை. ஈரப் பாறையில் கரும்பாயியை எப்படி இறக்குவது என்று சடையாண்டியோடு மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

தான் மட்டும் முந்திப்போய் உச்சியில் நிற்பது வெற்றியல்ல. காரியம் முடிய யார் யார் வேண்டுமோ அவர்களையும் கைவிடாமல் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்வதே வெற்றி.